என் கண்ணைப் பார்த்தது யார்?

கண் மருத்துவமனைகளையும் கண்ணாடிக் கடைகளையும் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் இடத்துக்கு வந்து கண்ணைக் காட்டிவிட்டுப் போகிற ஒவ்வொருவருக்கும், தன் கண்ணைப் பார்த்தவர் யார், அவர் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்பது எழுத்தில் தெரிய வேண்டும். சின்ன விஷயம்தானே என்று தோன்றும். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் பார்வையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

நான் ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட். பார்வையை அளந்து கண்ணாடிக்குப் பவர் எழுதுவதும், கண்ணின் முன்பக்கத்தையும் உள்பக்கத்தையும் கருவி வைத்துப் பார்த்து, சந்தேகம் வந்தால் கண் மருத்துவரிடம் அனுப்புவதும் என் வேலை. நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லோரும் என்னை 'டாக்டர்' என்கிறார்கள். இல்லை என்று சொன்னால் "சரிங்க டாக்டர்" என்கிறார்கள். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் எனக்கு முன்னால் சொட்டு மருந்து விட்ட செவிலியரும் அவர்களுக்கு டாக்டர்தான், எனக்குப் பிறகு ஃபிரேம் எடுத்துக் காட்டுகிற ஆப்டீஷியனும் டாக்டர்தான். வீட்டுக்குப் போய்ச் சொல்வதும் ஒன்றேதான்: "கண் டாக்டர் பார்த்துட்டார், ஒண்ணும் இல்லையாம்."

அந்த 'ஒண்ணும் இல்லை'யைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

நாற்பதைத் தாண்டியவர் ஒருவர். வெள்ளெழுத்து வந்துவிட்டது, படிக்கிற கண்ணாடி வேண்டும் என்று வருகிறார். இயந்திரத்தில் முகவாயை வைக்கிறார், பவர் வருகிறது. எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படிக்கிறார். கண்ணாடி மாட்டியதும் சின்ன எழுத்தும் தெளிவு. எல்லோருக்கும் திருப்தி. அந்தப் பலகை 1862-இல் ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர் வகுத்துத் தந்த முறையின் வழிவந்தது. அது அளப்பது நேர்ப்பார்வையின் கூர்மையை மட்டும். பார்வை நரம்பை மெல்ல அழிக்கும் கிளாக்கோமா என்ற நோய் பெரும்பாலும் நேர்ப்பார்வையைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ள இடங்களை அரித்துக்கொண்டே வரும். வலிக்காது, சிவக்காது. பார்வை நரம்பு பாதிக்குமேல் பட்டுப்போன நிலையிலும் ஒருவர் அந்தக் கடைசி வரியைத் தடுமாறாமல் படிப்பார். சர்க்கரை நோயால் விழித்திரையில் ரத்தக் கசிவு தொடங்கியவரும் படிப்பார். ஆறுக்கு ஆறு, அதாவது கூர்மை முழுசாக இருக்கிறது என்று சீட்டில் எழுதித் தந்தால் அவர் அதைத் தன் கண்ணுக்கே கிடைத்த நற்சான்றிதழாக மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார். கிளாக்கோமாவால் போன பார்வை எந்த மருந்துக்கும் எந்த அறுவைக்கும் திரும்பி வராது.

இங்கே பவர் பார்த்தவர் தவறு எதுவும் செய்யவில்லை. கண்ணாடிக்கு வந்தவருக்குக் கண்ணாடி கொடுத்தார். பரிசோதனை எந்த இடத்தில் முடிந்தது என்பதை வந்தவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் நேற்று முளைத்ததல்ல. கண்ணாடி 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் வந்துவிட்டது. உயிருள்ள கண்ணின் உள்ளே எட்டிப் பார்க்க ஒரு கருவி வந்ததோ 1851-இல், ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற அறிவியலாளர் செய்தபோதுதான். நடுவில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கண்ணாடி செய்கிறவர் ஒரு பக்கமும் வைத்தியம் பார்க்கிறவர் ஒரு பக்கமுமாக, ஒருவர் தொழில் மற்றவருக்குத் தேவைப்படாமலே வளர்ந்தார்கள். இன்று இரு தரப்பும் ஒரே கூரையின் கீழ், பல நேரம் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஒரே ஸ்லிட் லாம்ப் கருவியின் முன் வேலை செய்கிறோம். வந்தவருக்குக் கருவி தெரிகிறது, அதற்குப் பின்னால் இருப்பவரின் பொறுப்பு எதுவரை என்பது தெரிவதில்லை.

கண் மருத்துவர் முதலில் மருத்துவப் பட்டம் பெற்றவர். அதற்கு மேல் சில ஆண்டுகள் கண்ணுக்கென்றே பயின்றவர். நோயைக் கண்டறிவது, மருந்து, லேசர், அறுவை சிகிச்சை எல்லாம் அவர் கையில். கண்ணில் தெரிவது உடம்பில் வேறெங்கோ இருக்கும் நோயின் நிழல் என்றால், அந்த முடிச்சைப் பிடித்துத் தொடரும் படிப்பும் அவருடையதே. ஆப்டோமெட்ரிஸ்ட்டின் படிப்பு வேறு பாதை. அது கண்ணையும் பார்வையையும் மட்டுமே மையமாகக் கொண்ட பல ஆண்டுப் பட்டப்படிப்பு. சில நாடுகளில் நாங்கள் சொட்டு மருந்து எழுதலாம். சிலவற்றில் கூடாது. சில நாடுகளில் எங்கள் பட்டமே 'டாக்டர்' என்றுதான் தரப்படுகிறது, அங்கே அந்த அடைமொழி முறையானது. அதனால் பெயருக்கு முன்னால் இருக்கும் அடைமொழியை வைத்துப் பொதுமக்கள் எதையும் முடிவு செய்ய முடியாது. என்ன பணி என்று தனியாக எழுதினால்தான் உண்டு.

இதைப் படித்துவிட்டு யாராவது, "அப்படியானால் எல்லோரும் நேராகக் கண் மருத்துவரிடமே போகட்டுமே" என்று முடிவுகட்டினால் அது இன்னொரு தவறு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பார்வை பற்றிய அறிக்கை, உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு உண்டு என்கிறது. அதில் குறைந்தது 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக்கூடியது, அல்லது இன்னும் கவனிக்கப்படாமல் கிடப்பது. இந்த 100 கோடியில் 82 கோடிக்கு மேற்பட்டவர்கள் வெள்ளெழுத்துக்கு ஏற்ற கண்ணாடி கிடைக்காதவர்கள். இவர்களுக்கு முதலில் வேண்டியது சரியாக அளந்து கொடுக்கிற ஒருவரும் நல்ல ஒரு கண்ணாடியும். அறுவை செய்யத் தெரிந்த கையைப் பவர் பார்க்க உட்கார வைத்தால், கண்புரைக்குக் காத்திருப்பவரின் வரிசைதான் நீளும்.

அளப்பது என்றதும் இயந்திரம்தான் அளக்கிறதே என்பார்கள். இயந்திரம் தருவது தொடக்கம் மட்டுமே. குழந்தைகள் அதைப் பார்க்கும்போது தங்களை அறியாமலே கண்ணை இறுக்குவதால் இல்லாத கிட்டப்பார்வை காட்டும். அவர்களுக்குச் சொட்டு விட்டு, இறுக்கம் தளர்ந்த பிறகு பார்க்க வேண்டும். ரத்தச் சர்க்கரை ஏறி இறங்குகிறவருக்குக் கண்ணின் பவரும் கூடவே மாறும். அந்த நேரத்தில் எழுதிய கண்ணாடி சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் பொருந்தாது. பிறகு எனக்கு மிகவும் பழகிப்போன ஒரு காட்சி: வயதானவர் ஒருவர் குதூகலமாக வந்து, "இப்போ கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன், கண்ணு இளசாயிருச்சு" என்பார். இளசாகவில்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நடுப்பகுதி இறுகி, கண்புரை முற்றத் தொடங்கியிருக்கிறது. அதனால் கிட்டப்பார்வை பக்கம் சாய்ந்து, கிட்டத்தில் தெளிவு தற்காலிகமாகத் திரும்பியிருக்கிறது. பவர் மாறியதைப் பார்க்க இயந்திரம் போதும். ஏன் மாறியது என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

ஆப்டீஷியனை நீங்கள் 'விற்பனை' என்ற தலைப்பில் வைத்திருக்கிறீர்கள். அது எனக்கு எப்போதுமே உறுத்தல். நான் எழுதிய பவர் சரியாக இருந்தும் தலைவலி, தரை பள்ளமாகத் தெரிகிறது என்று திரும்பி வருகிறவர்களில் பலரின் கண்ணாடியை எடுத்துப் பார்த்தால், லென்ஸின் மையம் கண்பாப்பாவுக்கு நேரே இருக்காது. பவர் 5 உள்ள லென்ஸின் மையம் 2 மில்லிமீட்டர் விலகினால் ஒரு ப்ரிஸம் டயாப்டர் அளவுக்கு, காட்சியை ஒரு பக்கமாகத் தள்ளிக் காட்டும் ப்ரிஸம் விளைவு சேர்ந்துவிடும். இரண்டு கண்ணிலும் எதிரெதிர்ப் பக்கமாக விலகினால் அது இன்னும் கூடும். கண்கள் நாள் முழுக்க அதை இழுத்துப் பிடித்துச் சமாளிக்க வேண்டும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றாகச் செய்த ப்ரோகிரெஸிவ் லென்ஸ் என்றால் உயரமும் பார்க்க வேண்டும், ஃபிரேம் முகத்தில் சாய்ந்திருக்கும் கோணமும் பார்க்க வேண்டும். பவர் அதிகமென்றால் கண்ணுக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளிகூடக் கணக்கில் வரும். இதை அளந்து, லென்ஸைச் செதுக்கி, மூக்கிலும் காதிலும் உட்கார வைப்பது ஒரு கைத்தேர்ச்சி. அதே நேரம், கண் நோய் பற்றிக் கருத்துச் சொல்ல ஆப்டீஷியன் பயின்றவர் அல்லர். "இந்தக் கண்ணாடி போட்டா எல்லாம் சரியாயிரும்" என்று அவர் வாயிலிருந்து வரும் ஒரு வரியை, மருத்துவர் சொன்னதாக எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

ஆர்த்தாப்டிஸ்ட் என்று ஒருவர் இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. இரண்டு கண்களும் சேர்ந்து வேலை செய்கின்றனவா, மாறுகண் எத்தனை அளவு, எந்தக் கண்ணை மூளை ஒதுக்கி வைத்திருக்கிறது என்பதை அளப்பவர் அவர். அப்படி ஒதுக்கப்பட்ட சோம்பேறிக் கண்ணுக்கு, நன்றாகப் பார்க்கும் கண்ணை மூடிவைக்கும் சிகிச்சையைத் திட்டமிட்டு மாதக்கணக்கில் தொடர்ந்து கவனிப்பவரும் பெரும்பாலும் அவரே. இது நன்றாகப் பலன் தருவது ஏழு வயதுக்கு முன். அதன் பிறகும் முயலலாம், ஆனால் பலன் குறைந்துகொண்டே போகும். "மாறுகண் அதிர்ஷ்டம்", "வளர வளரச் சரியாயிடும்" என்று காலம் போக்கிவிட்டு வருகிற பிள்ளை இழப்பது கண்ணாடியால் மீட்கக்கூடிய ஒன்றல்ல. ஆர்த்தாப்டிஸ்ட் இல்லாத இடங்களில் ஆப்டோமெட்ரிஸ்ட்டே அந்த வேலையைச் செய்கிறார். செய்யட்டும், ஆனால் யார் செய்வது, அடுத்து எப்போது என்பதைச் சீட்டில் எழுதித் தரலாமே. கண்பாப்பா வெள்ளையாகத் தெரியும் குழந்தையை மட்டும் யாரும் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அது பிறவிக் கண்புரையாக இருக்கலாம், கண்ணுக்குள் புற்றுநோயாகவும் இருக்கலாம். கண் மருத்துவர், உடனே.

கண் மருத்துவர்களுக்குள்ளும் பிரிவுகள் இருக்கின்றன: விழித்திரை, கருவிழி, கிளாக்கோமா, குழந்தைகள் கண், இமையும் கண்ணைச் சுற்றிய பகுதியும், கண் நரம்பியல். எங்கள் சீட்டில் 'கண் மருத்துவரைப் பார்க்கவும்' என்று மட்டும் எழுதினால் அவர் முதலில் கண்புரை அறுவை செய்கிறவரிடம் போய், அங்கிருந்து விழித்திரை மருத்துவரிடம் அனுப்பப்பட்டு, அங்கே ஒரு தேதி வாங்கிக்கொண்டு திரும்புவார். எந்தப் பிரிவு, எத்தனை நாளுக்குள் என்று இரண்டு வார்த்தை சேர்த்து எழுதினால் அந்த அலைச்சல் மிச்சம்.

'எத்தனை நாளுக்குள்' என்பதில் உங்கள் வரவேற்பு மேசையில் இருப்பவர்தான் முதல் ஆள். பதவிப் பட்டியலில் அவரைக் கண் சிகிச்சை ஊழியராக யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் தொலைபேசியில் ஒருவர், "நேத்துல இருந்து கண்ணுல மின்னல் மின்னலா அடிக்குது, கறுப்புப் புள்ளி பறக்குது, ஓரத்துல திரை இறங்கின மாதிரி இருக்கு" என்று சொல்லும்போது, அடுத்த வாரம் புதன்கிழமை வாங்க என்று சொல்வதும், இன்றே கிளம்பி வாங்க என்று சொல்வதும் அவர்தான். அது விழித்திரை விலகலாக இருக்கலாம். நடுப்பகுதி பிரிவதற்கு முன் சரிசெய்தால் கிடைக்கும் பார்வை, பிரிந்த பின் கிடைக்காது. ஒரு கண்ணில் வலியே இல்லாமல் திடீரென்று பார்வை போனால் அது விழித்திரையின் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், பக்கவாதத்துக்கு உரிய அவசரம் அதற்கும் உண்டு. கண் சிவந்து, கடும் வலியோடு வாந்தியும் தலைவலியும் வந்தவரை வயிற்றுக் கோளாறு என்று வேறு வாசலுக்கு அனுப்பிவிடக் கூடாது. கண் அழுத்தம் திடீரென்று ஏறியிருக்கலாம். கண்ணில் அமிலமோ சுண்ணாம்போ பட்டவரிடம் பெயர், வயது கேட்பதற்கு முன் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்கச் சொல்ல வேண்டும். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி அந்த மேசையில் ஒட்டிவைக்க எவ்வளவு நேரமாகும்?

சொட்டு மருந்து பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'யார் எழுதியது' என்ற கேள்வி மிகக் கூர்மையாக எழுவது இங்கேதான். சிவந்த கண்ணுக்கு யாரோ ஒருவர் ஸ்டீராய்டு சொட்டு கொடுக்கிறார். இரண்டு நாளில் கண் பளிச்சென்று ஆகிறது. அதன் பிறகு கண் உறுத்தும்போதெல்லாம் அதே பாட்டிலை வாங்கி விட்டுக்கொள்கிறார்கள். மேற்பார்வை இல்லாமல் தொடர்ந்தால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும், கண்புரை வரும். கருவிழியில் பூஞ்சையோ ஹெர்ப்பஸ் வைரஸோ இருந்தால் அதையும் அது தூண்டிவிடும். கடைசியில் என்னிடம் வருபவரிடம் "இதை யார் எழுதிக் கொடுத்தாங்க?" என்றால் "கண் டாக்டர்" என்ற பதில் வரும். அது மருத்துவரா, மருந்துக் கடைக்காரரா, தன் கண்ணுக்கு எழுதியதைப் பகிர்ந்துகொண்ட உறவினரா, கண்டுபிடிக்கவே முடியாது. சீட்டில் எழுதியவரின் பணி இருந்தால், எத்தனை நாளுக்கு என்று நிறுத்தும் தேதியும் இருந்தால், அடுத்துப் பார்ப்பவருக்கு ஒரு நுனியாவது கிடைக்கும்.

இனி நீங்கள் அதிகம் பேசாத இருவரைப் பற்றி. ஒருவர் ஆக்குலரிஸ்ட், செயற்கைக் கண் செய்பவர். கண் குழியின் அச்செடுத்து, மற்றக் கண்ணைப் பார்த்துப் பார்த்து நிறத்தையும் வெள்ளையில் ஓடும் ரத்தக்குழாய்களையும் கையால் தீட்டுவார். முன்பு செயற்கைக் கண்ணைக் கண்ணாடியால் செய்தார்கள்; இரண்டாம் உலகப் போரில் அந்த ஜெர்மன் கண்ணாடியின் வரத்து நின்றதால் அமெரிக்காவில் பல் செட் செய்கிறவர்கள் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் கண் செய்ய முனைந்தார்கள். இன்று பெரும்பாலானவை அக்ரிலிக்கில்தான். கண் எடுக்கப்பட்டவரை இவரிடம் அனுப்பாமல், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இருக்கிறது. அது நாகரிகமில்லை என்பதைத் தவிர வேறு சொல்லத் தோன்றவில்லை.

மற்றவர் குறைபார்வை மறுவாழ்வு நிபுணர். என் கருத்தில், நம் அமைப்பு முழுவதிலும் பெரிய ஓட்டை இங்கேதான். சிகிச்சை முடிந்துவிட்டது, இனி மருத்துவத்தில் வழியில்லை என்று ஒரு மருத்துவர் நேர்மையாகச் சொல்கிறார். நோயாளியின் காதில் விழுவதோ, இனி யாரிடமும் போகத் தேவையில்லை என்பது. மிச்சமிருக்கும் பார்வையை வைத்துப் படிக்கவும் எழுதவும் சமைக்கவும் தனியே நடக்கவும் பழக்குவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். உருப்பெருக்கிகள், சின்னத் தொலைநோக்கிகள், எழுத்தைப் பெரிதாக்கும் திரைகள், சரியான இடத்தில் ஒரு விளக்கு, வெள்ளைத்தடிப் பயிற்சி எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. அதைவிட முக்கியமாக, அவர்களிடம் பேச நேரம் இருக்கிறது. பார்வை வெகுவாகக் குறைந்தவர்களில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும்: சின்ன மனிதர்கள், முகங்கள், சித்திர வடிவங்கள். சுவிட்சர்லாந்தின் இயற்கையியலாளர் ஷார்ல் போனே 1760-இல் தன் தாத்தாவுக்கு நேர்ந்ததை வைத்து இதை எழுதினார், அவர் பெயரால்தான் இன்றும் வழங்குகிறது. பார்வை குறைந்ததால் மூளை தானே படம் காட்டுவது அது, மனநோய் அல்ல. ஆனால் சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று பயந்து முதியவர்கள் வாயே திறப்பதில்லை. "இப்படி ஏதாவது தெரியுதா, அது சகஜம்தான்" என்று ஒருவர் முன்கூட்டிக் கேட்டாலே அவர்கள் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒருவரிடம் போகச் சொல்லும் வரி எந்தச் சீட்டிலும் இல்லை.

உங்கள் மறுப்புகளும் எனக்குத் தெரியும். இத்தனை விவரம் கொடுத்தால் நோயாளி குழம்புவார் என்பீர்கள். அவர் ஏற்கெனவே குழம்பித்தான் இருக்கிறார், அது உங்களுக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். 'பார்க்காதவை' என்று எழுதினால் நம் இடத்தின் பேர் கெடும் என்பீர்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு இடத்தில் கிளாக்கோமா என்று கேள்விப்பட்டு, "அங்கே பார்த்தபோது ஒண்ணும் இல்லைன்னாங்களே" என்று அவர் சொல்லும்போது கெடுகிற பேரை என்ன செய்வீர்கள்? என் சகாக்களிலும் சிலர், பணியைத் தனியே போட்டால் மதிப்புக் குறையும் என்று முணுமுணுக்கிறார்கள். எனக்கு அது புரியவே இல்லை. கண்புரை அறுவை தெரியாது என்பது எனக்கு இழுக்கென்றால், ப்ரோகிரெஸிவ் லென்ஸ் பொருத்தத் தெரியாதது அறுவை மருத்துவருக்கும் இழுக்காகத்தானே வேண்டும்?

நான் கேட்கும் சீட்டின் மாதிரி இது. மார்பில் இருக்கும் அடையாள அட்டையிலும் இதே பணிப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

'இன்று உங்கள் கண்ணைப் பார்த்தவர்: ஆப்டோமெட்ரிஸ்ட். பார்த்தவை: பார்வைக் கூர்மை, கண்ணாடி பவர், கண்ணின் முன்பகுதி. பார்க்காதவை: கண் அழுத்தம், பாப்பாவை விரித்து விழித்திரைப் பரிசோதனை, பார்வைப் பரப்பு. உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் விழித்திரைப் பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறை தேவை. செல்ல வேண்டியது: விழித்திரைக் கண் மருத்துவர், ஒரு மாதத்துக்குள்.'

ஏற்கெனவே அச்சடித்து அடுக்கிவைத்திருக்கும் சீட்டுகள் தீரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நான்கு வரிக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும், மிச்சத்தைப் பேனாவால் நாங்களே நிரப்பிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட்